இறுகிய திருகு

நம் நாட்டுத் தோட்டப்புற வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் பால்மரம் உண்டு, லயம் உண்டு, பெரட்டுக்களம் உண்டு, கங்காணியும் கிராணியும் உண்டு. செம்மண் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு துரையின் வண்டியும் அவ்வப்போது வந்து போகும். ஆனால் அந்த வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து அதனை ஓடவைத்த தமிழன் அக்கதைகளுள் நுழைந்தது அரிது. அவன் கையில் இருந்த அறிவை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை என்பதே என் குறை.

லேண்ட் ரோவர் வண்டி 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் இராணுவமும் தோட்ட நிருவாகங்களும் இவ்வண்டியைப் பெரிதும் நம்பின. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் மேற்கூட்டை அலுமினியக் கலவையால் செய்தார்கள். அடிச்சட்டமும் அச்சும் இரும்பும் எஃகும்தாம். ஆகவே, நம் மழையிலும் சேற்றிலும் உழைத்த பழைய லேண்ட் ரோவரை எட்ட நின்று பார்ப்பவர் ஏமாந்து போவர். மேலே இளமை தெரியும். கீழே துரு இருக்கும்.

என் தாய்மாமன் கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஓட்டுநராக இருந்தவர். பட்டறைத் தொழிலை அவருக்குக் கற்பித்தவர் செந்தூல் இரயில்வே பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலாம் நகரம் எழுந்து, 1978இல் சிலாங்கூரின் தலைநகரும் ஆயிற்று. பிரிக்பீல்ட்ஸில் இரயில் பெட்டிகள் வரிசையாய் நின்ற நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. மாமா வேலை செய்த தோட்டமும் அவ்வாறே வீடுகளாய் மாறிற்று. நிருவாகம் கழித்துவிட்ட வண்டியை அவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். 1961 முதல் 1971 வரை உருவான ‘இரண்டாம் வரிசை ஏ’ வகையைச் சேர்ந்தது அது.

மாமாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது, பார்வை மங்கிவிட்டது. வண்டியை ஓடும் நிலையில் என் மகனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இதற்குக் குறுக்கே நின்றது ஒரு பிளக்கு. (தமிழாசிரியனாய் இருந்தும் ‘பிளக்கு’ என்று நான் எழுதுவதற்குக் காரணம் பின்னர் வரும்.) பின்னச்சிலிருந்து ஊளையிடுவது போல ஓர் ஒலி எழுந்தது, சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்திருந்தது. அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரக் கூட்டில் எண்ணெய் குறைந்துவிட்டது என்பது தெளிவு. புதிய எண்ணெய் ஊற்றலாம் என்றால், ஊற்றும் வாயை மூடியிருந்த பிளக்கு அசையவில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறை ஒன்றில் பொருந்தாத கருவியைக் கொடுத்துத் திருகி, அதன் சதுரக் குழியின் விளிம்புகளை மழுக்கிவிட்டார்கள். அச்சையே மாற்றச் சொன்னார்கள். அவ்வளவு செலவு செய்ய மாமாவால் இயலாது. எண்ணெய் இன்றி ஓட்டினாலோ பற்கள் தேய்ந்து, வண்டி எடைக்குத்தான் போகும்.

“கீழ் பிளக்கைத் தொடாதே, தம்பி! மேலதை முதல்லே திற” என்றார் மாமா, என் மகனைப் பார்த்து.

கூட்டின் அடியில் பழைய எண்ணெயை வடிக்க ஒரு வாய். பக்கத்தில் புதியதை ஊற்ற ஒரு வாய். ஆர்வக்காரர்கள் முதலில் வடித்துவிடுவார்கள். பிறகு ஊற்றும் வாய் திறக்காவிட்டால், கையில் எண்ணெய் இருந்தும் உள்ளே செலுத்த வழியிராது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இச்சிறு விதிக்குப் பின்னே எத்தனை பேருடைய பட்டறிவு இருக்கிறதோ!

இறுகுவதற்குக் காரணம் துரு. துருவானது தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். புரிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை அது நிரப்பி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அலுமினியக் கியர்ப் பெட்டியில் எஃகுப் பிளக்கு இருந்தால் துன்பம் வேறு வகையானது. ஈரம் பட்ட இரு மாறுபட்ட உலோகங்களுக்கிடையே மின்வேதி வினை நிகழ்ந்து, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி இறுகும்.

மாமா முதல் நாள் கருவியையே எடுக்கவில்லை. கம்பித் தூரிகையால் பிளக்கைச் சுற்றிலும் தேய்க்கச் சொன்னார். சதுரக் குழியில் கல்லாய்ப் போயிருந்த சேற்றை ஆணியால் சுரண்டச் சொன்னார். பிறகு ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டச் சொன்னார். அடியின் அதிர்வு துருவில் மயிரிழைப் பிளவுகளை உண்டாக்கும். எண்ணெய் அவற்றின் வழியே இறங்கும். காலையும் மாலையுமாக இரண்டு நாள் இதுவே வேலை. மூன்றாம் நாள், மழுங்கிய குழிக்குச் சற்றே பெரிதான எஃகுக் கம்பியைச் சதுரமாக அரத்தால் ராவி, அதனைக் குழிக்குள் அடித்து இறுக்கினோம். கண் தெரியாத மாமா விரலால் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இன்னும் ராவ வேண்டும் என்று சொன்னார்.

சூடேற்றுவதில்தான் என் மகனுக்கு ஐயம் எழுந்தது. “கூட்டைச் சூடாக்கினால் துளை சுருங்கிவிடாதா, தாத்தா?” என்றான். மாமா மாட்டு வண்டியை நினைவூட்டினார். கொல்லன் இரும்புப் பட்டையைக் காய்ச்சித்தானே மரச்சக்கரத்தில் ஏற்றுகிறான்? காய்ந்த வளையம் விரியும்போது அதன் உள்வட்டமும் விரியும். ஆகவே தீயைக் காட்ட வேண்டியது கூட்டின் மீது. பிளக்கின் மீது அன்று. முன்னதாக, வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்தோம். பிரேக் குழாயை நனைத்த சாக்கால் மூடினோம். தீயணைப்பானைக் கையருகே வைத்துக்கொண்டோம். ஒரு துளி நீர் பட்டால் சீறும் அளவுக்குச் சூடு போதும்.

சூடு ஏறியதும் மாமா சொன்னது எனக்கே வியப்பளித்தது: “மொதல்ல இறுக்கு!” தளர்த்த வேண்டியதை இறுக்குவதா? ஆம், ஒரு மயிரிழை இறுக்கினாலும் துருவின் பிடி உடைந்துவிடும். அதன்பின் தளர்த்துவது எளிது. அடியில் படுத்திருப்பவனுக்கு வலமும் இடமும் குழம்பும் என்பதால், பிளக்கின் முகத்துக்கு நேராக நிற்பதாய் எண்ணிக்கொண்டு திருப்பச் சொன்னார். நீண்ட குழாயைக் கைப்பிடியில் மாட்டி நெம்புவது அவருக்குப் பிடிக்காது. கூடு விரிசல் விட்டால் எல்லாம் போயிற்று. இதுவும் பலிக்காவிட்டால் பிளக்கின் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகுவது என்று முடிவு செய்திருந்தோம். தேவைப்படவில்லை. ‘டக்’கென்று ஓர் ஒலி, அவ்வளவே. மாமா அதைக் கேட்டதும் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கீழ்வாயைத் திறந்தபோது வடிந்த எண்ணெய் கரிய குழம்பாய், மிகக் குறைவாய் இருந்தது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் கொள்ளும் கூடு அது. சமதரையில் நிறுத்தி, ஊற்றும் வாயின் விளிம்பு வழியே வழியும்வரை புதிய எண்ணெயை ஊற்றினோம். கசிவுக்குக் காரணமும் அன்றே தெரிந்தது. அச்சின் மேல் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. ஓடும்போது சூடேறிய உட்காற்று அதன் வழியே வெளியேறும். அது சேற்றால் அடைபட்டிருந்தது. வழி கிடைக்காத காற்று எண்ணெயைத் தடுப்பு வளையங்களைத் தாண்டித் தள்ளியிருக்கிறது. அதனைச் சுத்தம் செய்தோம். ஊளை முற்றிலும் நிற்கவில்லை எனினும் வெகுவாகத் தணிந்தது.

என் மகன் இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறான். பாதி ஆங்கிலமும் மலாயும் கலந்த அக்குறிப்புக்கு நான் தமிழ்ச் சொற்கள் தந்தேன். ‘நிரப்புவாய்’, ‘வடிவாய்’ இரண்டையும் மாமா ஏற்றுக்கொண்டார். ‘மூச்சுத்துளை’ அவர் தந்ததே. அதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் இறுகும் புரிக்கு ‘வலம்புரி’ என்றபோது, “சங்குக்குச் சொல்றதா? இருக்கட்டும்” என்று சிரித்தார். பிளக்குக்கு மட்டும் ‘அடைப்பான்’ என்றேன்.

“அது மாட்டுக்கு வர்ற நோயில்ல, மாப்பிள்ளை?” என்றார்.

ஆகவே குறிப்பேட்டில் அது பிளக்காகவே இருக்கிறது. முன்னச்சின் பக்கம் இன்னும் வெற்றாய் உள்ளது.