டக்கர் கார்

அன்புள்ள பாய்,

மகள் வீட்டிலிருந்து ஹெர்ஷி என்கிற ஊருக்கு வந்தோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிற சாக்லேட் ஊர். தெருவிளக்கைக்கூடச் சாக்லேட் மாதிரியே செய்து வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓட, நான் பழைய கார் மியூசியத்துக்கு நழுவினேன்.

அங்கேதான் டக்கரைப் பார்த்தேன். பிரஸ்டன் டக்கர் 1948-ல் சிகாகோவில் செய்த கார். முதல் மாதிரியையும் சேர்த்து மொத்தமே 51. அதில் மூன்று இங்கே நிற்கின்றன. முன்னால் மூன்று விளக்கு. நடு விளக்கு ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புமாம். ராத்திரியில் ஏலகிரி மலை இறங்கின நமக்குத்தான் அதன் அருமை தெரியும். எஞ்சின் பின்னால். ஹெலிகாப்டருக்கென்று செய்த ஆறு சிலிண்டர் எஞ்சினை, தண்ணீரில் குளிரும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள்; 166 குதிரைசக்தி. மோதினால் முன் கண்ணாடி வெளிப்பக்கமாகக் கழன்று விழும். டேஷ்போர்டுக்கு மெத்தை. எல்லாம் 1948-ல்!

கார் சீட் வேலை செய்கிற உங்கள் தொழிலுக்கு ஒரு சேதி. முன் சீட்டையும் பின் சீட்டையும் மாற்றிப் போடலாம். முன்னால் தேய்ந்ததைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டால் போதும். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்திருந்தால் நீங்கள் எப்போதோ கடையை மூடியிருப்பீர்கள்.

கயிறு கட்டியிருந்ததால் தொட முடியவில்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டக்கர் படம் போட்ட பனியனோடு ஒரு பெரியவர் வந்து பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் விடவில்லை. டெட்ராய்டின் பெரிய கார் கம்பெனிகளும் அரசியல்வாதிகளும் சேர்ந்து ஒரு நல்ல மனிதனை அழித்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. டக்கரைப் பற்றி டைரக்டர் கொப்போலா 1988-ல் எடுத்த சினிமாவும் அதே கட்சிதான்.

எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. கார் தயாராகும் முன்பே டக்கர் அந்தக் காருக்கான ரேடியோ, சீட் கவர், பெட்டி எல்லாம் விற்றாரே, வாங்கினவருக்கு வரிசையில் இடம் என்றாரே, அது என்ன வியாபாரம் என்று கேட்டேன். பங்குச் சந்தை அதிகாரிகள் கேள்வி கேட்க ஆரம்பித்த விஷயங்களில் அதுவும் ஒன்று. பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. அது வழக்காகி, 1950 ஜனவரியில் ஜூரி டக்கரை விடுதலை செய்தது தெரியுமா என்றார். தெரியும். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் தொழிற்சாலை கைவிட்டுப் போயிருந்தது. 1956-ல் டக்கரும் போய்விட்டார், 53 வயது.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாதவனை ஆம்பூரில் என்ன பேச்சுப் பேசுவார்கள்! அதனால் டக்கரை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. காரை மட்டும் முழுசாக நம்புகிறேன். செய்தது 51, இன்னும் 47 மிச்சம் என்கிறார்கள். தோற்ற காரை யார் இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பார்கள்?

நம்ம கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு நினைவுக்கு வந்தார். 1952-ல் இரண்டு பேர் போகிற கார், விலை 2,000 ரூபாய் என்று செய்து காட்டினார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. யாரிடமும் பெட்டி விற்கவில்லை அவர். அவருக்குப் பனியன் போட்டுக்கொண்டு சண்டைக்கு வர நம்மிடம் ஆள் இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். நாயுடுவின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் சமாதானம்.

அடுத்த முறை கோயம்புத்தூர் போகிறபோது அவினாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியத்துக்கு இரண்டு பேரும் போகிறோம். டிக்கெட் என் செலவு. அதற்குள் என் அம்பாசடரின் முன் சீட்டையும் பின் சீட்டையும் டேப் வைத்து அளந்து வையுங்கள். மாற்றிப் போட வழியிருக்கிறதா என்று வந்து பார்ப்போம்.