அம்மாவின் முறை

பொறாமை பக்கத்து வீட்டுக்காரர் மேல் வரும், கூடப் படித்தவர் மேல் வரும். எனக்கு 2021-ல் பெற்ற தாயின் மேலேயே வந்தது.

அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அறுபது வயதைத் தொட்டவர்களுக்கெல்லாம் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 1-ல் வயது வரம்பு 45-ஆக இறங்கியது. முப்பதுகளில் இருந்த எனக்கு முறை வரவில்லை. அம்மாவுக்கு வந்தும், கொல்லிமலையில் எங்களுக்கு ஊசி போடும் இடமான செம்மேடு பக்கமே அவர் போகவில்லை. "நான் காய்ச்சல்ல படுத்துட்டா களத்துல கெடக்கற மொளகை யாரு சாமி அள்ளறது?" என்றார். பிறகு, ஏப்ரல் 15-ல் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்ன செய்தி மலைக்கு வந்து சேர்வதற்குள் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மே மாதம் இரண்டாம் அலை. கொல்லிமலையில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் முற்றினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் போக வேண்டும். 10-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு, பஸ் இல்லை. இரவில் படுத்தால் அந்த வளைவுகள்தான் கண்ணில் ஓடும்.

மே 1-லேயே பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கும் ஊசி என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி நிற்பேன். ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். சென்னை நண்பன் ஊசி போட்ட கையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். வயிறு எரிந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டேன். எனக்குக் கிடைக்காததை அம்மா வேண்டாம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீடு வீடாக வந்தார். திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா பயம் உங்களுக்கு?" என்று கேட்டார். அத்தனை வாரமும் நான் கேட்காத கேள்வி அது.

"ஏதாச்சும் ஆகி கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, அங்கியே பொதைச்சிருவாங்க. நான் திரும்ப மலைக்கு வரமாட்டேன்" என்றார் அம்மா.

நான் பயந்த அதே வளைவுகளுக்குத்தான் அவரும் பயந்திருக்கிறார். அவரைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. செவிலியர் அவசரப்படவில்லை. ஊசி போட்டால் காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும், கீழே போகும் நிலை வராமல் இருக்கத்தான் இந்த ஊசி என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா சம்மதித்தார். பைக்கில் நானே அழைத்துப் போனேன். ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். அவர் என் கையை விடவே இல்லை.

மே 24 முதல் அரசு மையங்களில் எங்கள் வயதினரும் நேரில் பதிந்துகொள்ளலாம் என்றானது. எனக்கு ஜூனில் கிடைத்தது. அதற்குள் பொறாமை போயிருந்தது. முன்பதிவு விதியின் மேலிருந்த கோபம் மட்டும் போகவில்லை, இன்றும் இருக்கிறது.

இனி எந்த நோய்க்குத் தடுப்பூசி வந்தாலும், மலை ஊர்க்காரர்களிடம் இணையப் பதிவு கேட்காதீர்கள். பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச ஓர் ஆளை அனுப்புங்கள்.