மூன்றும் ஒரே மேசையில்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. நகல், ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் மூலம் பணம் என்று வாசலில் போர்டு. உள்ளே மர பெஞ்சில் ஒரு ஓரம் எனக்குக் கிடைத்திருக்கிறது. காத்திருப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அது ஒரு வசதி.

நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறிவிட்டதாம். வரிசை முழுக்கப் பெண்கள். முதலில் நிற்கும் பாட்டி இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டுகிறார். கடைப்பெண் எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டுகிறாள். 12 இலக்கமும் பெஞ்சு முழுக்கக் கேட்கிறது.

"எந்த பேங்க் ஆயா?"

"அதாம்மா, பஸ் ஸ்டாண்டுல இருக்கே."

அதுவே அவளுக்குப் போதும்.

"கட்டவிரல வைங்க. அழுத்தாதீங்க. எடுத்துட்டுத் திரும்ப வைங்க."

ரேகை விழவில்லை. மண்வெட்டிப் பிடியும் பாத்திரச் சாம்பலும் தேய்த்த விரல். பாட்டி அதைத் தலைமுடியில் இரண்டு முறை தேய்த்துக்கொள்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ரேகை எழும் என்பது வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். விழுந்துவிட்டது. அது இருப்புப் பார்ப்பதற்கு. பணம் எடுக்க இன்னொரு முறை வைக்க வேண்டும். எந்தத் தொடலுக்கு என்ன நடந்தது என்று பாட்டிக்குத் தெரிய வழியில்லை. திரை கடைப்பெண்ணின் பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் நல்ல பெண். அதட்டவில்லை, நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுக்கிறாள். ஆனால் சிலிப் கொடுக்கவில்லை. ரோல் தீர்ந்து எத்தனை நாளோ, குட்டி பிரிண்டர் மேல் தூசி. பாட்டியும் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒருவர் கிரயப் பத்திரத்தை நகலெடுக்கிறார். ஒரு பக்கம் கோணலாக விழுந்ததும் அது மேசைக்கடியில் அட்டைப்பெட்டிக்குப் போகிறது. அதில் விற்றவரின் இடது பெருவிரல் ரேகை, கோடு கோடாக, துல்லியமாக. அதற்குக் கீழே யாரோ விட்டுப்போன ஆதார் நகல், முழு எண்ணோடு.

பாட்டி பணம் எடுத்த முறைக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை, இவ்வளவுதான் தேவை. ஓடிபி கேட்பதில்லை, ரகசிய எண் கிடையாது. பதிவுத்துறை இணையதளங்களிலிருந்து பத்திரங்களை இறக்கி, அவற்றிலிருந்த ரேகையை சிலிக்கானில் வார்த்துப் பணம் எடுத்த கும்பல்கள் ஹரியானா உள்ளிட்ட மாநிலங்களில் பிடிபட்டன. அவர்கள் தேடித் திரட்டியது இங்கே ஒரே மேசையைச் சுற்றிக் கிடக்கிறது. களவு போன ரகசிய எண்ணை மாற்றலாம். விரலை?

ஆதார் ஆணையம் சும்மா இருக்கவில்லை. ரேகைக் கருவியே தகவலை மறையாக்கம் செய்து அனுப்ப வேண்டும் என்றாக்கியது. வைத்தது உயிருள்ள விரலா, வார்ப்பா என்று கண்டறியும் முறையை 2023-இல் கொண்டுவந்தது. ஆதார் மூலம் பணம் தரும் இத்தகைய கடை முகவர்களைத் தீர விசாரித்தே சேர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதி வகுத்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அட்டைப்பெட்டியைப் பற்றி எந்த விதி பேசும்? திரையை இந்தப் பக்கம் திருப்பி வைப்பதும், சிலிப் இல்லாமல் பணம் தரக் கூடாது என்பதும் இந்தக் கடைக்கு எந்தத் தொழில்நுட்பத்தையும்விட அவசரம்.

ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டலாம். ஆனால் ஓடிபி வரும் போன் பாட்டியிடம் இருக்காது. பேரனிடம் இருக்கும். பேரன் திருப்பூரில் இருப்பான்.

அந்தப் பேரன்களுக்குத்தான் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆயாவின் ரேகையை இன்றே பூட்டிவிடுங்கள். அவர் பணத்துக்கோ ரேஷனுக்கோ கிளம்பும்போது ஒரு போன் செய்தால் போதும், நீங்கள் திறந்துவிடலாம். தற்காலிகமாகத் திறந்தால் சில நிமிடங்களில் தானே பூட்டிக்கொள்ளும். நகல் கேட்பவர்களுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை எடுத்துக் கொடுங்கள். கோணலாக விழுந்த நகலையும் மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள்.