கடன் நோட்டு வரிகள்

வரி என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் கடையின் கடன் நோட்டுதான். கச்சிராயபாளையத்தில், கல்வராயன் மலைக்கு வெள்ளிமலை பஸ் திரும்பும் ரோட்டில், அப்பாவுக்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் மளிகைக் கடை நடத்தினேன். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், ஒரு சாமானுக்கு ஒரு வரி. அரசாங்கம் எதற்கு வரி போட்டாலும், அதை எந்த வீடு எதை விட்டுக்கொடுத்துக் கட்டுகிறது என்பதை அந்த நோட்டு எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

பட்ஜெட்டில் பீடி, சிகரெட் விலை ஏறினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கடை வாசலில் நின்று நிதியமைச்சரின் பாட்டனார் வரைக்கும் போய்த் திட்டுவார்கள். திட்டி முடிப்பதற்குள் அடுத்த பீடியைப் பற்ற வைத்திருப்பார்கள். அவ்வளவுதான் எதிர்ப்பு. ஆனால் இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் வேறு சங்கதி தெரியும். பீடிக் கட்டு எழுதிய வரி அப்படியே இருக்கும். அதற்குக் கீழே துவரம் பருப்பு அரைக் கிலோ கால் கிலோ ஆகியிருக்கும். கடலை எண்ணெய் இருநூறு மில்லி நூறாகியிருக்கும். பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட் பொட்டலம் காணாமலே போயிருக்கும். வரி போட்டது பீடிக்கு. கட்டியது பருப்பு.

இதில் நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பட்ஜெட்டுக்கு முந்தைய வாரம் சிகரெட் பெட்டிகளை வாங்கி உள்ளறையில் அடுக்குவேன். கேட்டால் சரக்கு இல்லை என்பேன். மார்ச் ஒன்றாம் தேதி காலையில் பழைய சரக்குக்குப் புது விலை. அரசாங்கத்துக்கு ஒரு பைசா போகாத வரி அது. முழுக்க என் கல்லாவுக்குப் போயிற்று. என் புகைப்பழக்கமும் அப்படித்தான். சிசர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவன், விலை ஏற ஏற மட்டமானதற்கு இறங்கி, கடைசியில் பீடிக்கு வந்து சேர்ந்தேன். எந்த நிதியமைச்சரும் என்னை நிறுத்த வைக்கவில்லை, இறக்கித்தான் விட்டார்கள். நிறுத்தியது டாக்டர் காட்டிய எக்ஸ்ரே.

ஆனால் விலையேற்றம் வீண் என்று சொல்லிவிடவும் மாட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒற்றை சிகரெட் கேட்டு வந்து, விலையைக் கேட்டுவிட்டுக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் பழகாதவனை விலை தடுக்கும். கை நடுங்கத் தொடங்கிவிட்டவனை அது தடுப்பதில்லை, ஒரு படி கீழே தள்ளும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீதத்தில் வைத்துவிட்டு, பீடியை மட்டும் 28லிருந்து 18க்கு இறக்குவது என்று முடிவெடுத்தபோது என் மகன் சொன்னான்: "படி எங்கே இருக்குன்னு அவங்களே காட்டிட்டாங்கப்பா."

பெட்ரோல் கதை வேறு. 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. எங்கள் பக்கத்திலும் கட்சிக்காரர்கள் மாட்டு வண்டியில் ஊர்வலம் போனார்கள், பைக்கைத் தள்ளிக்கொண்டு கோஷம் போட்டார்கள். ஆகஸ்டு 13ஆம் தேதி பட்ஜெட்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில வரியில் மூன்று ரூபாயைக் குறைத்தார். வருஷத்துக்கு 1,160 கோடி இழப்பு என்றும் கணக்குச் சொன்னார். அந்த நவம்பரில் மத்திய அரசும் கலால் வரியைப் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய், டீசலுக்குப் பத்து ரூபாய் இறக்கியது. சத்தம் போட்டால் கேட்கிறது பாருங்கள். வெள்ளிமலைக்கு மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் மட்டும் வாடகையைக் குறைக்கவில்லை. டீசல் ஏறும்போது அரை மணி நேரத்தில் ஏற்றியவர்தான். கேட்டால், "ஏறுனது ஏறுனதுதாண்ணே, மலையும் அப்படித்தானே இருக்கு" என்றார். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை மலையிலிருந்து இறக்கும் குடியானவன் டீசலில் குறைந்த அந்தப் பத்து ரூபாயைக் கண்ணால் பார்க்கவில்லை.

சாராயக் கடை விலைக்கு அந்தச் சத்தமும் கிடையாது. 2022 மார்ச்சில் டாஸ்மாக்கில் சாதாரண குவாட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. 2024 பிப்ரவரி 1ஆம் தேதி இன்னொரு பத்து ஏறி, மட்டமான குவாட்டரே 140 ரூபாய் ஆனது. யாராவது ஊர்வலம் போனார்களா? போகமுடியாது. பெட்ரோலுக்குக் கோஷம் போடுகிறவனுக்குப் பின்னால் பெண்டாட்டி பிள்ளை நிற்பார்கள். குவாட்டருக்குக் கோஷம் போட்டால் பெண்டாட்டிதான் முதலில் விளக்குமாற்றை எடுப்பாள். வெட்கப்படுகிறவனிடம் வரி வசூலிப்பது சுலபம். அவன் ரசீது கேட்க மாட்டான், மனு கொடுக்க மாட்டான், ஓட்டுப் போடும்போது அதைக் காரணமாகச் சொல்லவும் மாட்டான். 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் சரக்கு விற்பனையில் மாநிலங்கள் தாமே விகிதம் வைத்து வரி வசூலிக்க மிஞ்சிய பெரிய சரக்குகள் மதுவும் பெட்ரோல், டீசலும்தான். கறவை மாடு இரண்டே இருந்தால் எதைக் கறப்பார்கள்? உதைக்காததைத்தான் கறப்பார்கள்.

இந்த இரண்டு வரிக்கும் உள்ள உறவை எனக்குச் சொன்னவர் அப்பா. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1937இல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில், அக்டோபர் 1ஆம் தேதி. எங்கள் மலையின் மேற்குப் பக்கம், கருமந்துறைப் பக்கம், சேலம் ஜில்லா. கிழக்குப் பக்கம் தென்னார்க்காடு. ஒரே மலைக்குச் சில வருஷம் இரண்டு சட்டம். சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் ராஜாஜி கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. அதற்குக் கணக்கு எழுதி எழுதி அப்பாவுக்கு விரல் காய்த்திருந்தது. "கள்ளுக்கடையை மூடுனதுக்கு நாம கட்டுற மொய்டா இது" என்பார். பிற்பாடு மதுக்கடை திரும்ப வந்தது. மொய்யை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. இன்று பெட்ரோலுக்குக் கட்டும் மதிப்புக் கூட்டு வரி அந்த விற்பனை வரியின் வழியில் வந்ததுதான். மதுவை ஒழிக்கப் பிறந்த வரியும் மதுவை விற்று வரும் வரியும் இப்போது ஒரே கஜானாவில்.

இனி நான் வெல்லத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே சொன்னதெல்லாம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மலைக்காரர்கள் இறங்கி வந்தால் கடுக்காய், சாமை, புளி, தேன் கொண்டுவருவார்கள். போகும்போது உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய். சிலர் மட்டும் வெல்லம், மூட்டையாக. ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் எவ்வளவு வெல்லம் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறல் போட்டு, ஓடைக்கரையில் காய்ச்சி, லாரி டியூபில் ஊற்றித் தலைச்சுமையாக ராத்திரியில் இறங்கும். தெரிந்துதான் விற்றேன். ரொக்கம் கொடுப்பார்கள், கடன் சொல்ல மாட்டார்கள். மளிகைக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவர்கள் ஏன் காய்ச்சினார்கள் என்பதற்கு இந்த மலையின் சரித்திரத்தையே சொல்ல வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. அரசு எடுத்துக்கொண்டது 1976இல். காட்டு நிலத்துக்குப் பட்டா இல்லை, ரோடு இல்லை, இறக்கிய மூட்டைக்கு விலை இல்லை. விலை பேசாமல் விற்ற ஒரே சரக்கு சாராயம்தான்.

அந்த வெல்ல மூட்டைகள் எனக்கு ஒரு பாடம் சொல்லின. 1990இல் அரசே மலிவு விலை மது விற்கத் தொடங்கியது. அந்தக் காலம் முழுக்க என் கடையில் வெல்லம் நகரவில்லை. மூட்டையில் எறும்பு ஊறியது. முதலமைச்சராக வந்த ஜெயலலிதா 1991 ஜூலையில் அதை ஒழித்தார். பெண்கள் கொண்டாடினார்கள், என் வீட்டுக்காரி உட்பட. ஆடி முடிவதற்குள் என் வெல்லம் மறுபடியும் நடந்தது. அதனால் மலிவு மதுவே நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒன்றரை வருஷத்துக் கடன் நோட்டில் நிலுவை ஏறியதைப்போல் வேறு எப்போதும் ஏறவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: கடையில் ஒரு பத்து ரூபாய் ஏறினால், இறங்கினால், மலையில் ஒரு அடுப்பு எரியும், அணையும். சட்டசபையில் இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக்குள்ளேயே, கருணாபுரத்தில், கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பாக்கெட் சாராயம் விற்றது. பாக்கெட் அறுபது ரூபாய் அளவில். கடையில் 140. மூட்டை தூக்குகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், பெண்களும் திருநங்கைகளும்கூட குடித்திருந்தார்கள். 18ஆம் தேதி ராத்திரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டே இருந்தது. சாவு அறுபதைத் தாண்டியது. கண் தெரியாமல் போனவர்களும் உண்டு. அதில் கலந்திருந்தது தொழிற்சாலைக்கு உரிய மெத்தனால். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண் நரம்பைத்தான் பிடிக்கும். அது மலையில் வெல்லம் போட்டுக் காய்ச்சியது இல்லை. ஆனாலும் டிவியில் மலையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். முந்தைய வருஷம் மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேல் செத்ததும் இதே மெத்தனாலால். அங்கே மலை ஏது?

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கலெக்டர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்டு, ஓய்வு பெற்ற நீதிபதி கோகுல்தாஸ் விசாரணை, ஜூன் 29இல் ஆயுள் தண்டனை வரைக்கும் சட்டத்திருத்தம், நவம்பரில் ஐகோர்ட் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. மலை ஜனங்களின் நிலைமையைப் பற்றி ஐகோர்ட் தானாகவே ஒரு வழக்கை எடுத்து, ரோடும் ரேஷனும் ஏன் இல்லை என்று கேட்டது. ஊர் பேசியது இதில் எதையும் இல்லை. செத்தவர்களின் குடும்பத்துக்கு அரசு அறிவித்த பத்து லட்சத்தைத்தான்.

டீக்கடையில் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். "குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சம். எல்லையில செத்தவனுக்கு என்னா குடுத்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். கணக்கு எழுதிய கை, சும்மா இருக்காமல் டீக்கடைப் பேப்பரின் ஓரத்தில் போட்டுப் பார்த்தது. தினம் ஒரு குவாட்டர், 140 ரூபாய், வருஷத்துக்கு 51,100. அதில் கணிசமான பங்கு வரி. இருபது வருஷம் குடிக்கிறவன் எத்தனை பள்ளிக்கூடத்துக்குச் சுவர் வைத்திருப்பான், எத்தனை பேரின் பென்ஷனைக் கொடுத்திருப்பான்? கேட்டவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எழுபத்து நாலு வயதில் டீக்கடை சிநேகிதத்தைக் கெடுத்துக்கொள்ளத் தெம்பில்லை.

இப்போது கடை மகனுடையது. கணக்கு அவன் போனில். அந்த ஜூனுக்குப் பிறகு மலைக்காரர் ஒருவர் வந்து நாலு மூட்டை வெல்லம் கேட்டார். "எதுக்கு கவுண்டரே?" என்று அவன் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டான். என் காலத்தில் அந்த ஒரு கேள்வியை நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னான். போடுவதற்கு முன் புரட்டிக்கொண்டிருந்தேன். 2016ஆம் வருஷத்து நோட்டில் ஒரு பக்கம். அந்த வீட்டுக்காரர் ஈரல் கெட்டு அந்த வருஷ நடுவில் போய்விட்டார். நல்ல மனுஷர், மூட்டை தூக்குவதில் அவருக்கு ஈடு இல்லை. அவர் இருந்த வரைக்கும் தினம் பீடி வரி, கால் கிலோ பருப்பு, நூறு மில்லி எண்ணெய், அடியில் நிலுவை. அவர் போன மறுமாதம் பீடி வரி இல்லை. மூன்றாம் மாதம் துவரம் பருப்பு அரைக் கிலோ. ஐந்தாம் மாதம் எண்ணெய் அரை லிட்டர், முட்டை ஆறு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். கூலி ஒன்று குறைந்த வீடு. தை பிறப்பதற்கு முன்னால் அந்தப் பெண் நிலுவை முழுக்கத் தீர்த்திருந்தாள், குறுக்கே நான் கோடு போட்டிருந்தேன்.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டுக் கீழ் வரி வரைக்கும் படித்தான். நோட்டை மூடினான்.

"இதை யார்கிட்டயும் காட்டாதீங்கப்பா" என்றான்.