உய்யக்கொண்டான் கரையில் ஒரு பாலாமை

திருச்சிக்கு யார் வந்தாலும் முதல் நாள் அரங்கனுக்குப் போய்விடும். சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி, அவள் கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மூவரும் வெள்ளிக்கிழமை இரவு புத்தூர் வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை முழுக்க ஸ்ரீரங்கம். ஏழு பிராகாரங்களையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் மூன்றாவது பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். அந்தக் கோயிலைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். இந்த வாரம் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது.

முக்கொம்புக்குப் போவதாகத் திட்டம். வண்டி வர நேரம் இருந்ததால், "வாடி, வாய்க்கால் கரையில கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று தோழியை அழைத்தேன். அவள் கணவரும் மகளும் கூடவே கிளம்பினார்கள். புத்தூர் நால்ரோட்டில் அந்த நேரத்துக்கே பரபரப்பு. ஒரு பக்கம் அரசு மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ், இன்னொரு பக்கம் வயலூர் முருகனைப் பார்க்கப் போகிற பஸ். ஆறுகண் பக்கம் திரும்பிவிட்டால் அத்தனை சத்தமும் அடங்கிவிடுகிறது.

உய்யக்கொண்டானை இந்த ஊர்க்காரர்கள் பலர் சாக்கடை என்றே நினைத்துவிட்டார்கள். எனக்கு அது தாங்கவில்லை. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்தின் நடுவே வளைந்து வளைந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் இது. ராஜராஜன் காலத்தில் வெட்டியது என்பார்கள். உய்யக்கொண்டான் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளாக வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. நகரத்துக்குள் நுழைந்ததும் நாம் அதற்குத் திருப்பிக் கொடுப்பது கழிவுநீரும் பிளாஸ்டிக் பையும்.

அது பிப்ரவரி மாதம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதன் பிறகு இங்கே வாய்க்காலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அன்றைக்கும் அங்கங்கே குட்டை குட்டையாகத்தான் நின்றது. நடுவில் கொக்குகள். கரையோரம் ஆகாயத்தாமரை காய்ந்து கிடந்தது.

"அத்தை, அங்க பாருங்க, ஒரு தட்டு நகருது" என்றாள் தோழியின் பெண்.

ஆமை. கிழிந்த நைலான் வலை ஒன்று கருவேலம் வேரில் மாட்டிக் கிடக்க, அதற்குள் கழுத்தும் முன்னங்கால் ஒன்றும் சிக்கி, அது இழுக்க இழுக்க வலை இறுகிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். ஓட்டில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இல்லை. தோல் போர்த்தியதுபோல் வழவழவென்று, பச்சை கலந்த பழுப்பு நிறம். கிணற்றிலும் குளத்திலும் நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கும் பாலாமைதான். பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் அடியில் இருக்கிற சதை மடிப்புகள் கதவுபோல் மூடிக்கொள்ளும். ஆனால் வலையில் சிக்கிய காலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. நைலான் இழை தோலை அறுத்து ரத்தம் கசிந்தது.

தோழியின் கணவர் சரிவில் இறங்கிவிட்டார். குழுமாயி அம்மன் கோயிலுக்குப் பூ விற்கிற அம்மாவிடம் ஓடிப்போய் நான் கத்தரிக்கோல் வாங்கி வந்தேன். பாலாமையின் கழுத்து நாம் எதிர்பார்ப்பதைவிட நீளம். பக்கவாட்டில் பிடித்தால் திரும்பிக் கடித்துவிடும். ஓட்டின் பின்பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். அவர் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். கழுத்தைச் சுற்றியிருந்த இழைக்குக் கீழே கத்தரியை நுழைக்கும்போது என் கை நடுங்கியது. அது ஒருமுறை பெருமூச்சுபோல் காற்றை விட்டது. ஆமைக்கும் நுரையீரல்தான் என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்த மாதிரி எந்தப் பாடப்புத்தகத்திலும் உறைத்ததில்லை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பாலாமைங்க. கறி மூலத்துக்கு நல்லது. குடுத்துட்டுப் போங்க" என்றார் சைக்கிளில் வந்த ஒருவர். அந்த மருத்துவம் நூற்றுக்கு நூறு பொய். ஆனால் அந்தப் பொய்யாலும் கிராமம் கிராமமாக இந்த உயிர் குறைந்துகொண்டு வருகிறது. பூக்கார அம்மா முந்திக்கொண்டார்: "போய்யா, மாசித் திருவிழா வர்ற நேரத்துல பாவத்தைச் சேர்த்துக்காத." இன்னொருவர், ஆமை புகுந்த வீடு உருப்படாது, எடுத்துப் போகாதீர்கள் என்றார். அவர் காரணம் தவறு, முடிவு சரி.

பெண்ணுக்கு அதை வளர்க்க ஆசை. பாலாமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; பிடித்தாலும் வைத்திருந்தாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் வீட்டிலிருந்து வாளியும் ஈரச் சாக்கும் எடுத்து வரச் சொன்னதும் அவள்தான் முதலில் ஓடினாள். வாளியில் தண்ணீர் நிரப்பவில்லை. அடிபட்டுக் களைத்த ஆமையை ஆழமான தண்ணீரில் போட்டால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும்.

வனத்துறைக்குப் போன் செய்தோம். வந்த வனக்காவலர் இளைஞர். காயத்தைப் பார்த்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் போகலாம் என்றார். மருத்துவர் புண்ணைக் கழுவி மருந்து போட்டு, சில மணி நேரம் ஈரத்துணி மேல் வைத்திருக்கச் சொன்னார். "வழக்கமா தண்ணி வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்குங்க" என்றார் காவலர். "இப்போ கரைக்குக் கரை கான்கிரீட். சேறு எங்க இருக்கு? இருக்கிற குட்டையிலயும் வலையை விட்டுட்டுப் போயிடறாங்க." அன்று நான் கேட்டதிலேயே முக்கியமான பேச்சு அதுதான். நண்டு, நத்தை, செத்த மீன் எல்லாவற்றையும் தின்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒரு பிராணி, ஒதுங்க ஒரு முழம் சேறு இல்லாமல் தார்ச்சாலைக்கு ஏறுகிறது. வாய்க்காலை அழகுபடுத்தத் திட்டம் போடுகிறவர்கள் நடைபாதையோடு சேர்த்து அந்தச் சேற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாலையில் காவலரே போன் செய்தார். முக்கொம்புப் பக்கம், காவிரியில் தண்ணீர் வற்றாத ஒரு மடுவில் விட்டாயிற்று. விட்டவுடன் ஒரே முங்கு, பிறகு தெரியவில்லை என்றார். நாங்கள் போகாத முக்கொம்புக்கு அது போய்விட்டது. இரவு ரயிலில் மூவரையும் ஏற்றிவிட்டேன். முக்கொம்பு எனக்கு அடுத்த வாரத்துக்கு.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடையில் ஆமையைப் பார்த்தால் உடனே தூக்கித் தண்ணீரில் எறிந்துவிடாதீர்கள். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நிலத்து ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. எந்த ஆமையானாலும் நிழலில், ஈரச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மீன் பிடிக்கிறவர்கள் கிழிந்த வலையைக் கரையில் போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

(தொடரும்)