வண்ணாத்திப்பூச்சித் தீவிலே

கரிபியன் தீவுகள் என்றதும் வெண்மணற் கரையும் தென்னஞ்சோலையும் நீலக்கடலுமே பலருக்கும் நினைவில் எழும். இவற்றைக் காண்பதற்காக நாம் பாதி உலகைக் கடந்து செல்ல வேண்டியதில்லை. நிலாவெளியும் கசூரினாவும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. ஆயினும், அத்தீவுகளுள் ஒன்றான குவாதலூப்பைக் காணத் தமிழருக்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே குடியேறிய நம்மவரின் வாயிலிருந்து தமிழ் மறைந்துவிட்டது. தமிழிற் செய்த வழிபாடு மட்டும் இன்னும் மறையவில்லை.

வரைபடத்திலே இத்தீவு சிறகு விரித்த வண்ணாத்திப்பூச்சி போலத் தோன்றும். உண்மையில் இவை இரு தீவுகள். ஒடுங்கிய உப்பங்கழி ஒன்று இரண்டையும் பிரிக்கின்றது. கிழக்குச் சிறகின் பெயர் கிராந்த் தெர். பெருநிலம் என்பது பொருள். மேற்குச் சிறகு பாஸ் தெர், அதாவது தாழ்நிலம். வேடிக்கை யாதெனில், பெருநிலமே இரண்டிற் சிறியது. தாழ்நிலத்திலேதான் மலைகள் முகில் தொட நிற்கின்றன. காற்றுக்கு ஒதுங்கிய பக்கத்தைத் தாழ்ந்த பக்கம் என்ற மாலுமிகளின் வழக்கிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஆதிக்குடிகள் இதனைக் கருக்கேரா என அழைத்தனர். அழகிய நீர்களின் தீவு என அதற்குப் பொருள் கூறுவர். 1493ஆம் ஆண்டு நவம்பரில் இங்கு வந்த கொலம்பஸ், ஸ்பெயின் நாட்டு மாதா ஆலயம் ஒன்றின் பெயரை இதற்குச் சூட்டினான். 1946 முதல் இது பிரான்சின் கடல்கடந்த மாவட்டம், நாணயமும் யூரோவே.

பாரிஸ் நகரில் உறவினரைக் காணச் செல்லும் நம்மவர், அங்கிருந்து எட்டு ஒன்பது மணி நேர விமானப் பிரயாணத்தில் இத்தீவை அடையலாம். செங்கன் விசா மட்டும் போதாது; கடல்கடந்த மாவட்டத்துக்கும் செல்லுபடியாகும் விசாவைப் பெறுதல் வேண்டும். டிசம்பர் முதல் மே வரை மழை குறைந்த காலம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 1989 செப்டெம்பரில் ஹியூகோ என்னும் சூறாவளி இத்தீவைப் பெரிதும் பாழ்படுத்தியது.

எங்கே தங்குவது என்பதே முதற் கேள்வி. பெரிய விடுதிகள் பெரும்பாலும் கிராந்த் தெரின் தென்கரையிலே, கோசியே, சென்ற் ஆன், சென்ற் பிரான்சுவா ஆகிய ஊர்களில் உள்ளன. ஆழங்குறைந்த அமைதியான கடல் சிறுவர்க்கு ஏற்றது. ஆனால் 2011 முதல் சர்காசம் என்னும் கடற்பாசி சில காலங்களில் திரளாக வந்து இப்பக்கத்துக் கரைகளில் ஒதுங்கி அழுகுகின்றது. மேற்கே தேயே என்னும் ஊரின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரைக்கு இத்தொல்லை குறைவு. பாஸ் தெரில், குடும்பத்தார் நடத்தும் சிறு தங்குமனைகள் பல உண்டு. எங்குத் தங்கினும், அங்கு நீர்த்தொட்டி உண்டா என விசாரித்தறிக. அழகிய நீர்களின் தீவிலே பழுதடைந்த குழாய்களால் அடிக்கடி நீர்விநியோகம் தடைப்படுகின்றது.

பார்க்கத்தக்க இடங்களுள் முதன்மையானது சூஃப்ரியேர் எரிமலை. 1,467 மீற்றர் உயரமுடைய இதுவே சிறு அந்தில்ஸ் தீவுகளின் அதியுயர்ந்த சிகரம். 1976இல் இது குமுறியபோது எழுபதினாயிரத்துக்கும் அதிகமான மக்கள் மாதக்கணக்கில் வீடு துறந்திருந்தனர். அடிவாரத்து வெந்நீர்த் தடாகத்திலிருந்து நடைபாதை தொடங்குகின்றது. உச்சியில் நச்சாவி எழும் பகுதிகளுக்குச் செல்லத் தடையுண்டு. அதிகாலையிற் புறப்படுதல் நன்று. பின்னர் முகில் மூடிவிடும். மலையின் கிழக்குச் சரிவிலே கார்பே அருவிகள் மூன்று உள்ளன. இரண்டாவது 110 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது. மாலாந்தூர் கரையிலிருந்து அடித்தளம் கண்ணாடியாலான படகிலேறிப் பவளப்பாறைகளைக் காணலாம். ஒரு நாள் மிஞ்சினால், துருவா ரிவியேரிலிருந்து சென்ற் தீவுகளுக்குப் படகேறி, 1867இல் முடிக்கப்பெற்ற நெப்போலியன் கோட்டையையும் அதன் கீழுள்ள குடாவையும் கண்டு வரலாம்.

இத்துணை அழகுக்கும் அடியிலே துயரம் ஒன்று புதைந்து கிடக்கின்றது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பாலேயே இங்குக் கரும்பு விளைந்தது. 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802இல் நெப்போலியன் மீட்டும் நிலைநாட்ட முனைந்தபோது, லூயி தெல்கிரெஸ் என்னும் வீரன், அடிமையாக வாழ்வதினும் இறப்பதே மேலெனத் துணிந்து, மத்தூபா என்னும் இடத்திலே தன் தோழர் முந்நூற்றுவரளவினருடன் வெடிமருந்துக்குத் தீயிட்டு உயிர் துறந்தான். விடுதலை 1848இலேயே கிடைத்தது. புவாந்த் அ பீத்ர் நகரிலே, பழைய சீனி ஆலை இருந்த நிலத்தில், அடிமை வரலாற்றை நினைவுகூரும் பெரிய மாளிகை ஒன்று 2015இல் எழுப்பப்பட்டது.

அடிமைகள் விடுதலை பெற்றதும் தோட்டத்துரைமாருக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தனர். 1854 டிசம்பரில் ஒரேலி என்னும் கப்பல் முதற்றொகுதி இந்தியரைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை வந்தவர் ஏறத்தாழ 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழர் அவர்களுட் பலர். நம் மலைநாட்டுக்கும் ஆட்கள் திரட்டப்பட்ட அதே நூற்றாண்டு அது.

அவர்களின் சுவட்டைக் காண விரும்புவோர் பாஸ் தெரின் கிழக்குக் கரையிலுள்ள கப்பெஸ்தெர் என்னும் ஊருக்குச் செல்க. இருமருங்கும் அரசப்பனைகள் அணிவகுத்த நெடுஞ்சாலை ஒன்று அங்குண்டு. அதே ஊரின் சாங்கி என்னும் பகுதியிலே வாழைத் தோட்டங்களின் அயலில், வண்ணச் சிற்பங்களுடன் மாரியம்மன் கோயில் ஒன்று விளங்குகின்றது. அவர்கள் நாவில் அன்னையின் பெயர் மாலியெமென். மதுரைவீரன் மால்தெவிலென் ஆனான். வேப்பிலை வெப்பெலே எனப்படும். வீட்டிலும் வீதியிலும் அவர்கள் பேசுவது கிரியோலும் பிரெஞ்சுமே. பூசை வேளையிலோ, பூசாரிமார் தம் முன்னோரிடம் செவிவழியாகக் கேட்டுப் பயின்ற தமிழ்ப் பாடல்களை ஓதுகின்றனர். பொருள் பலருக்குத் தெரியாது, பக்தி தெரியும்.

இவ்வூரிலே 1863இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரொம். சிதம்பரமே அவ்வாறு திரிந்தது. இந்திய வழித்தோன்றல்களுக்கு வாக்குரிமை இல்லையென அரசு மறுக்க, அவர் 1904இல் வழக்கைத் தொடங்கி, 1923இல் உரிமையை நிலைநாட்டினார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்த நமக்கு, இக்கதையின் கனம் விளங்கும்.

இனி உணவு. மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த தூளிலே சமைக்கும் ஆட்டிறைச்சிக் கறியைத் தீவு மக்கள் அனைவரும் விரும்பி உண்பர். அதன் பெயர் கொலம்போ! நம் கொழும்பு நகரின் பெயரே இது என்பாரும், குழம்பு என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு என்பாரும் உளர். ஒலியையும் பொருளையும் நோக்கின் குழம்பே பொருத்தமெனத் தோன்றுகின்றது. அதன் தூளைப் புவாந்த் அ பீத்ரின் சந்தையிலே வாங்கலாம்.

ஒரு வாரம் தங்குவோர் மூன்று நாட்களைக் கடற்கரைக்கும் நான்கு நாட்களை மலைப்பக்கத்துக்கும் ஒதுக்குவது நலம். கடற்கரை விடுதியிலேயே வாரம் முழுவதையும் கழிப்பவர், தம்மருகே ஒரு மாரியம்மன் கோயில் இருந்ததையும் அறியாமலே திரும்பிவிடக்கூடும்.

ஒரு மொழி மறைவதற்கு நீண்ட காலம் வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளின் காலமே போதும். பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகள் வளர்கின்ற இக்காலத்தில், பொருள் அறியாது தமிழ் ஓதும் குவாதலூப் பூசாரியின் குரல் நம் வீட்டுக்கும் உரியதொரு செய்தியைச் சொல்கின்றது. அக்குரலைக் கேட்பதற்காகவேனும் அத்தீவுக்கு ஒருமுறை சென்று வருதல் தகும்.