ரெஃப்ரி பெயரைச் சொல்லுங்கள்

முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பசங்க இப்போது போனிடம் கேட்கிறார்கள். அதுவும் உயரம், கை நீளம், நாக்-அவுட் கணக்கு என்று பட்டியல் போட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. அலி 6 அடி 3 அங்குலம், மார்சியானோ ஆறடிகூட இல்லை. ஆனால் மார்சியானோ 49 சண்டையில் 49 வெற்றி. இதை வைத்து எங்கள் ஜிம் வாசலில் சாயங்காலம் முழுக்க வாக்குவாதம் நடக்கும். "ரெஃப்ரி யாருப்பா?" என்று நான் கேட்டால் சிரிக்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்பு போவுமாகப் பாதி ஆயுளை ரிங்குக்குள் கழித்தவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்?

இந்தக் கற்பனை விளையாட்டு பழையதுதான். 1967-ல் மரே வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், பல காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களை என்.சி.ஆர். 315 கணினியில் ஏற்றி வானொலியில் ஒரு தொடரே நடத்தினார். அதில் அலி ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாகச் சொல்லிவிட்டார்கள். அலி சும்மா இருப்பாரா, வழக்குப் போட்டார். கடைசியில் சமரசமாகி, 1969-ல் மயாமியில் கேமரா முன்னால் அலியும் மார்சியானோவுமே கையுறை மாட்டி நின்றார்கள். மார்சியானோ ஓய்வு பெற்று 13 வருஷம் ஆகியிருந்தது, தலையில் விக். முடிவை மட்டும் பலவிதமாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிய படத்தில் மார்சியானோ 13-வது ரவுண்டில் நாக்-அவுட் செய்கிறார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ, வெட்டுக்காயத்தால் சண்டை நிறுத்தப்பட்டு அலி ஜெயிக்கிறார்.

வியாபாரத் தந்திரம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அதே இரண்டு பேர், அதே முகம், அதே ரத்தம். ஒரு படத்தில் சண்டையை விட்டார்கள், இன்னொன்றில் நிறுத்தினார்கள். எங்கள் தொழிலே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். ரிங்குக்குள் விடுவதற்கு முன்னால் மாசக்கணக்கில் என்னை டாக்டர் மேஜை பக்கத்தில் உட்கார வைத்தார். தையல் போடுவதைப் பார்க்கச் சொன்னார். ரத்தம் எவ்வளவு என்று பார்க்காதே, எங்கேயிருந்து வருது, எங்கே இறங்குதுன்னு பாரு என்பார். மூக்கு உடைந்தால் முகமெல்லாம் சிவப்பாகிவிடும், கூட்டம் கத்தும். பையன் நன்றாகவே இருப்பான். புருவத்தின் வெளிப்பக்கம் அரை அங்குலம் கிழிந்தால் கார்னரில் அழுத்திப் பிடித்து வாஸலின் தடவிச் சமாளித்துவிடுவார்கள். அதே அரை அங்குலம் இமையில் செங்குத்தாக விழுந்தாலோ, மூக்கை ஒட்டிய கண் மூலையில் விழுந்தாலோ கதையே வேறு.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கினால் அந்தப் பக்கத்துக் குத்து தெரியாது. தெரிகிறதா என்று பையனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் தெரியுது சார் என்றுதான் சொல்வான். தெரியவில்லை என்று சொன்ன பாக்சரை நான் பார்த்ததே இல்லை. வாத்தியார் சொன்ன வழி இது: பிரேக் கொடுக்கும்போது அந்தக் கண் பக்கமாக நீ ஓரடி நகரு. விழி மட்டும் திரும்பினால் விடலாம். முழுத் தலையையும் திருப்பி உன்னைத் தேடினான் என்றால் அந்தக் கண் அடைத்துவிட்டது, நிறுத்து. அப்புறம் இன்னொன்று. அது குத்தில் வந்த வெட்டா, தலை முட்டியதில் வந்த வெட்டா என்பதை அந்த நொடியே கையைக் காட்டி டேபிளுக்குத் தெரிவிக்க வேண்டும். ரவுண்டு முடிந்து சொன்னால் எந்தக் கார்னரும் நம்பாது. பட்டமே அதில் கைமாறும்.

இதையெல்லாம் வைத்து மார்சியானோவைப் பாருங்கள். 1954 செப்டம்பர், நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், எஸார்ட் சார்ல்ஸோடு இரண்டாவது சண்டை. ஆறாவது ரவுண்டில் மூக்குத் துவாரம் பிளந்துவிட்டது. சண்டையை ஓட விட்டார்கள்; எட்டாவதில் சார்ல்ஸ் விழுந்தார். இன்றைய டாக்டர் ஒருவர் ஏப்ரனில் ஏறியிருந்தால் 49-0 என்ற கணக்கு அன்றைக்கே 46 வெற்றி, ஒரு தோல்வி என்று ஆகியிருக்கும். அந்தப் பக்கம் அலியைப் பாருங்கள். 1963-ல் வெம்ப்ளியில், கேஸியஸ் கிளே என்ற பெயரில் இருந்தபோது, ஹென்றி கூப்பரின் இடது ஹூக்கில் நாலாவது ரவுண்டில் தரையில் உட்கார்ந்தார். அடுத்த ரவுண்டிலேயே கூப்பரின் கண் வெட்டுக்காகச் சண்டை நிறுத்தப்பட்டது. 1966-ல் ஹைபரியிலும் அப்படியே, ஆறாவதில். அலியின் குத்து ஆளைச் சாய்ப்பதைவிடத் தோலைக் கிழிக்கும். மார்சியானோவின் தோலோ சீக்கிரம் கிழியும்.

இப்போதைய காலத்திலும் ஒரே தராசு கிடையாது. 2003-ல் லென்னக்ஸ் லூயிஸோடு விட்டாலி கிளிட்ச்கோ மூன்று ஜட்ஜ் சீட்டிலும் முன்னிலையில் இருந்தபோதே ஆறு ரவுண்டோடு டாக்டர் நிறுத்திவிட்டார். 2019-ல் டைசன் ஃப்யூரிக்கு மூன்றாவது ரவுண்டிலேயே கண்ணுக்கு மேல் கிழிந்தது. 12 ரவுண்டும் ஓடி, ஜெயித்து, அப்புறம் 47 தையல் போட்டுக்கொண்டார்.

ரத்தம் மட்டுமா? எதிராளியின் பிடரியை இடது கையால் அமுக்கிப் பிடிப்பது அலியின் பழக்கம். 1974-ல் ஃப்ரேசியரோடு நியூயார்க்கில் நடந்ததில் ரெஃப்ரி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷம் மணிலாவில் அதே ஃப்ரேசியரோடு மோதியபோது ரெஃப்ரி கார்லோஸ் பாடியா அந்தக் கையைத் தட்டித் தட்டி விட்டார். அது எப்பேர்ப்பட்ட சண்டையானது என்று எல்லோருக்கும் தெரியும். டெம்ப்ஸியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1919-ல் வில்லர்டை முதல் ரவுண்டில் ஏழு தடவை விழத் தட்டினாரே, எழுந்திருக்கிறவன் பக்கத்திலேயே நின்று குத்த அன்றைக்கு விட்டார்கள். இன்றைக்கு நியூட்ரல் கார்னருக்கு அனுப்பிவிடுவோம்.

போனுக்கு இது தெரியாது, போகட்டும். இப்போது போவை மாட்டிக்கொண்டு வருகிற ரெஃப்ரிகளுக்கும் தெரியவில்லை என்பதுதான் எரிச்சல். அமெச்சூர் பாக்சிங்கில் 1984-ல் ஒலிம்பிக்கிற்கு ஹெட்கார்டு வந்தது. அப்புறம் வெட்டு குறைந்தது. பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள். 1992-லிருந்து 2012 வரை ஒலிம்பிக்கில் பட்டன் கணக்கு. ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் பட்டனை அழுத்தினால்தான் பாயிண்ட். வயிற்றுக் குத்தெல்லாம் காற்றோடு போனது. 2013-ல் ஆண்களுக்கு ஹெட்கார்டை எடுத்தார்கள், புருவம் திரும்பக் கிழிய ஆரம்பித்தது. பட்டன் தட்டிப் பழகியவர்கள் ரத்தத்தைக் கண்டதும் டாக்டர் முகத்தைப் பார்க்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன் என்று போனால், நாங்க வீடியோவுல பாத்துக்கறோம் சார் என்கிறார்கள். 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபிறகு வடசென்னைக்குக் கேமராவோடு வந்தவர்கள் பாக்சர்களைத் தேடினார்கள், கோச்சுகளைத் தேடினார்கள். என் தெருப் பக்கம் யாரும் வரவில்லை.

சரி, அலி-மார்சியானோ. 15 ரவுண்டு, 1966-ன் அலி, 1952-ன் மார்சியானோ. அந்த 1952-ல்தான் மூன்று சீட்டிலும் பின்தங்கி இருந்த மார்சியானோ 13-வது ரவுண்டில் ஒரே வலது கைக் குத்தில் வால்காட்டைச் சாய்த்துப் பட்டம் வாங்கினார். கணினி 13 என்று சொன்னது அதைப் பார்த்துத்தான் என்பது என் ஊகம். ரெஃப்ரியாக நான் நின்றால் சண்டை அதுவரை போகாது. எட்டிலோ ஒன்பதிலோ இமை கிழியும், நான் ஓரடி நகர்வேன், அவர் தலையைத் திருப்புவார். நிறுத்திவிடுவேன், அலி வெற்றி. மார்சியானோவின் கார்னர் என்னைத் திட்டும், அதில் நியாயமும் இருக்கும். 1954-ல் யாங்கி ஸ்டேடியத்தில் நின்ற ரெஃப்ரி இதிலும் நின்றால், என் பணம் மார்சியானோ மேல்தான்.